காத்து பிரியும் வரை: குடல் ஆபரேஷனுக்குப் பின் அக்குபங்சர் புள்ளிகளில் டென்ஸ் வைப்பது எப்படி

குடல் ஆபரேஷன் செய்துகொண்டவரிடம் காலை ரவுண்ட்ஸில் டாக்டர் முதலில் கேட்பது "காத்து பிரிஞ்சுதா?" என்றுதான். புதிதாக வந்து நிற்கும் மருமகன்கள் அதைக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். இரண்டு நாள் போனால் அதே மருமகன் வராந்தாவில் நின்று, "மாமாவுக்கு காத்து பிரிஞ்சிருச்சு" என்று சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தக் காற்று பிரிந்தால்தான் கஞ்சி. கஞ்சி தங்கினால்தான் வீடு.

நான் பிசியோதெரபிஸ்ட். மதுரையில் அறுவை சிகிச்சை வார்டில் வேலை. ஆபரேஷன் ஆனவர்களை எழுப்பி உட்கார வைப்பது, நடக்க வைப்பது, மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்து ஸ்பைரோமீட்டரை ஊத அல்ல, உறிஞ்ச வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் விளக்குவது, தையலைத் தலையணையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லித்தருவது, இவையெல்லாம் என் வழக்கமான வேலை. சில வருடங்களாக இதோடு இன்னொன்றும் செய்கிறேன். சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் சரி என்று சொன்ன நோயாளிகளுக்கு, டென்ஸ் (தோல் வழியாக நரம்புக்கு லேசான மின்சாரம் கொடுக்கும் சின்ன மெஷின்) கருவியின் ஒட்டும் பேடுகளைக் காலிலும் கையிலும் குறிப்பிட்ட அக்குபங்சர் புள்ளிகளில் ஒட்டி அரை மணி நேரம் ஓடவிடுகிறேன். ஊசி கிடையாது. தோலுக்கு மேலே லேசான மின்சாரம் மட்டும்.

வார்டில் வேலை செய்யும் இளம் பிசியோக்கள், சிஸ்டர்கள், "முட்டி வலிக்கு வாங்கின மெஷின் வீட்டில் சும்மா கிடக்கு, அப்பாவுக்கு வைக்கலாமா?" என்று கேட்கும் பிள்ளைகள், எல்லாரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் முதலிலேயே: சர்ஜனைக் கேட்காமல் வைக்காதீர்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

குடல் ஏன் நின்றுபோகிறது

வயிற்றைத் திறந்து குடலைக் கையால் தொட்டு, வெட்டி, தைத்தால் அது கொஞ்ச காலம் வேலைநிறுத்தம் செய்யும். சின்ன ஓட்டைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியிலும் இது உண்டு, கொஞ்சம் குறைவாக. பொதுவாகச் சிறுகுடல் ஒரு நாளுக்குள் அசையத் தொடங்கிவிடும். இரைப்பைக்கு ஒன்று முதல் இரண்டு நாள். பெருங்குடல்தான் சோம்பேறி, அதற்கு 48 முதல் 72 மணி நேரம் ஆகும். இதற்கு மேல் இழுத்தால் வயிறு உப்பும், குமட்டும், சில சமயம் மூக்கு வழியாக டியூப் போட வேண்டி வரும்.

காரணம் ஒன்றல்ல. வெட்டுப்பட்ட அதிர்ச்சியில், ஆபத்து நேரத்தில் உடம்பை உஷார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் குடலை அடக்கி வைக்கின்றன. குடல் சுவரின் தசையில் அழற்சி வருகிறது. வலிக்குப் போடும் மார்ஃபின், ட்ரமடால் போன்ற மருந்துகள் குடலை இன்னும் மந்தமாக்குகின்றன. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தாலும் குடல் அசையாது. ரிப்போர்ட் வந்ததும் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்ப்பது எனக்குப் பழக்கம். அது குறைவாக இருக்கும்போது எந்தப் புள்ளியில் எந்த மின்சாரம் வைத்தும் பெரிய பிரயோஜனம் இல்லை.

புள்ளிகளில் கரன்ட் கொடுப்பது இந்தச் சங்கிலியில் எங்கே நுழைகிறது? இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று, வலி குறைந்தால் மார்ஃபின் வகை மருந்து குறையும், அதனால் குடல் சீக்கிரம் எழும். இன்னொன்று நேரடி நரம்புப் பாதை. அமெரிக்காவில் சியூஃபூ மா என்ற விஞ்ஞானியின் குழு 2021ல் நேச்சர் இதழில் எலிகளை வைத்து ஒரு ஆய்வை வெளியிட்டது. பின்னங்காலில், முட்டிக்குக் கீழே இருக்கும் எஸ்டி 36 என்ற அக்குபங்சர் புள்ளியில் குறைந்த மின்சாரம் கொடுத்தால், மூளையிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு வழியாக அட்ரினல் சுரப்பி வரை ஒரு பாதை விழித்துக்கொள்கிறது, உடலின் அழற்சி குறைகிறது. அதே மின்சாரத்தை வயிற்றுப் புள்ளியில் கொடுத்தால் அந்தப் பாதை எழவில்லை. காலின் ஆழத்தில் இருக்கும் ஒருவகை உணர்வு நரம்புகள்தான் வித்தியாசத்துக்குக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். எலிக்கு வைத்தது ஊசி, நாம் வைப்பது தோலில் பேடு, ஆகவே இதை அப்படியே மனிதனுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் வயிற்றுப் பிரச்சினைக்குக் காலில் ஏன் வைக்கிறீர்கள் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.

எவ்வளவு பலன்?

இதில் நான் கறார். ஹாங்காங்கில் பெருங்குடல் புற்றுநோய்க்கு லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் செய்துகொண்ட 165 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2013ல் வெளியானது. மின் அக்குபங்சர் (ஊசி குத்தி அதில் மின்சாரம்) செய்யப்பட்டவர்களுக்கு முதல் மலம் போக சராசரியாக 85.9 மணி நேரம். எதுவும் செய்யாதவர்களுக்கு 122.1. போலி அக்குபங்சர் செய்யப்பட்டவர்களுக்கு 107.5. கவனியுங்கள், போலிக்கே கொஞ்சம் பலன் தெரிகிறது. பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்து, அக்கறையாகப் பேசி, அரை மணி நேரம் ஏதோ செய்தால் அதுவே மருந்து என்பது வார்டில் எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். உண்மை ஊசி அதையும் தாண்டியது என்பதால்தான் இந்த ஆய்வை எடுத்துச் சொல்கிறேன்.

அதன்பின் சீனாவில் நான்கு மருத்துவமனைகளில் 248 பேரை வைத்து நடந்த ஆய்வு ஜாமா சர்ஜரி இதழில் வந்தது. சீக்கிரம் நடக்கவைத்து, சீக்கிரம் சாப்பாடு கொடுக்கும் நவீன பராமரிப்பில் இருந்த நோயாளிகள் அவர்கள். உண்மைச் சிகிச்சைக்கு முதல் மலம் 76.4 மணி நேரத்தில், போலிக்கு 90 மணி நேரத்தில். காற்று பிரிந்தது 44.3 மணியிலும் 58.9 மணியிலும். அதாவது கிட்டத்தட்ட அரை நாள் லாபம். இந்த இரண்டுமே ஊசி குத்தி மின்சாரம் கொடுத்த ஆய்வுகள். பேடு ஒட்டும் முறைக்கும் சீனாவில் பல ஆய்வுகள் வந்திருக்கின்றன, பலன் அதே திசையில்தான் இருக்கிறது. ஆனாலும் "அரை நாள் சீக்கிரம் ஆகலாம்" என்பதற்கு மேல் நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. வயிறு உப்பிக் கிடப்பவருக்கு அரை நாள் என்பது சின்ன விஷயமும் இல்லை.

பழைய கதை ஒன்று. 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பீகிங்கில் (இன்றைய பெய்ஜிங்) குடல்வால் ஆபரேஷன் நடந்தது. மறுநாள் இரவு வயிறு உப்பி அவதிப்பட்டவருக்கு வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழும் ஊசி குத்தினார்கள், வயிற்றுக்கு அருகே மூலிகை புகைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் உப்புசம் தணிந்ததாக அவரே எழுதினார். ஆபரேஷனே அக்குபங்சர் மயக்கத்தில் நடந்ததாக இன்றைக்கும் யூட்யூபில் சிலர் அளந்துவிடுகிறார்கள். இல்லை, வழக்கமான மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் செய்தார்கள். அக்குபங்சர் வந்தது பிறகு, வாயுத் தொல்லைக்கு. முழங்காலுக்குக் கீழே அன்று குத்திய இடத்துக்கு அக்கம்பக்கத்தில்தான் இன்று நாங்கள் பேடு ஒட்டுகிறோம்.

யாருக்கு வைக்கவே கூடாது

புள்ளி தேடுவதற்கு முன் இந்தப் பகுதியை முடித்துவிட வேண்டும். நான் படுக்கைக்குப் போனதும் கருவியைப் பையிலிருந்து எடுப்பதில்லை. முதலில் கேஸ் ஷீட், அப்புறம் கால், அப்புறம்தான் மெஷின்.

பேஸ்மேக்கரோ, நெஞ்சுக்குள் ஷாக் கொடுக்கும் கருவியோ இருந்தால் வேண்டாம். கர்ப்பிணிக்கு வேண்டாம். வலிப்பு நோய் இருந்தால் நரம்பியல் டாக்டர் சொல்லாமல் வேண்டாம். ஒட்டும் இடத்தில் புண், சொறி, வீக்கம் இருந்தால் வேண்டாம்.

காலைத் தனியாகச் சொல்ல வேண்டும். வயிற்றில் பெரிய ஆபரேஷன் ஆனவர்களுக்கு, அதிலும் புற்றுநோய்க்காகச் செய்தவர்களுக்கு, கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம். அதனால்தான் வயிற்றுத் தோலில் தினமும் ஊசி போடுகிறார்கள், காலில் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் மாட்டுகிறார்கள். இரண்டு கெண்டைக்காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடப் பருத்து, சூடாக, அமுக்கினால் வலித்தால் அன்றைக்கு டென்ஸ் கிடையாது. பிசைந்தும் விடக் கூடாது. நேரே சிஸ்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். நம் ஊரில் கால் வலிக்கிறது என்றதும் தைலம் தேய்த்து உருவிவிட நாலு கை நீளும், அதைத் தடுப்பதும் என் வேலையில் சேர்ந்துவிட்டது.

அடுத்து சர்க்கரை. பதினைந்து இருபது வருடமாகச் சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்தில், கீழ்க்காலில் உணர்வு மங்கியிருக்கும். செருப்பு கழன்றதே தெரியாமல் நடப்பார்கள். அவர்களிடம் "கரன்ட் தெரியுதா?" என்று கேட்டு அளவைக் கூட்டிக்கொண்டே போனால் தோல் கருகும். எனவே பஞ்சு ஒரு பக்கம், மழுங்கின குச்சி ஒரு பக்கம் வைத்துக் கண்ணை மூடச் சொல்லி, "இது மெத்துனு இருக்கா, குத்துதா?" என்று கேட்டு, சரியாகச் சொன்னால்தான் மேலே போவேன். முதுகில் எபிடியூரல் (வலி மரக்க மெல்லிய குழாய் வழியாகப் போகும் மருந்து) ஓடுகிறவர்களுக்கும் இதே சோதனை. அந்த மருந்து காலையும் கொஞ்சம் மரக்க வைத்திருக்கும்.

மிக முக்கியமானது வயிறு. குடல் மந்தமாக இருப்பது வேறு, குடல் அடைத்துக்கொண்டிருப்பது வேறு, தைத்த இடம் கசிவது வேறு. முதலாவதுக்குத்தான் இந்தச் சிகிச்சை. காய்ச்சல், நாடி வேகமாக ஓடுவது, நேற்றைவிட இன்று அதிகமாகிற வயிற்று வலி, பச்சையாக வாந்தி, வயிறு பலகை மாதிரி விறைப்பது, இதில் எது இருந்தாலும் பேடை மறந்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். கசிவு ஆபரேஷன் ஆன உடனே காட்டிக்கொள்ளாது. நன்றாகத் தேறி வருகிறார் என்று எல்லாரும் நினைக்கும் மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், ஏழாம் நாளில்கூட வரும். அந்த நேரத்தில் "இன்னும் ரெண்டு தடவை கரன்ட் வெச்சுப் பார்ப்போம்" என்பது மகா ஆபத்து.

மருந்தெல்லாம் நிறுத்திவிட்டு விரலால் தொட்டே குணமாக்குகிறேன் என்று சொல்கிறவர்கள் நம் ஊரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். குடல் தைத்த நோயாளியிடம் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தச் சொன்ன ஆளைக்கூடப் பார்த்திருக்கிறேன். நான் சொல்லும் முறைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இங்கே ட்ரிப்ஸும் ஊசியும் மாத்திரையும் அப்படியே ஓடும், இது கூடுதல் கை.

கருவி

சர்ஜிக்கல் கடையில் கிடைக்கும் சாதாரண இரண்டு சேனல் (ஆளுக்கு இரண்டு பேடு மாட்டும் தனித்தனி ஒயர் ஜோடி) டென்ஸ் போதும். பார்க்க வேண்டியது மூன்று. அதிர்வெண்ணை 2 ஹெர்ட்ஸ் வரை இறக்க முடிய வேண்டும். பல்ஸ் அகலத்தை, அதாவது ஒவ்வொரு தட்டும் நீடிக்கும் நேரத்தை, 200 மைக்ரோவிநாடியில் வைக்க முடிய வேண்டும். இரண்டு சேனலின் அளவையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும், ஏனென்றால் வலது காலுக்குப் பிடிக்கிற அளவு இடது காலுக்குப் பிடிக்காது. சில மெஷின்களில் டென்ஸ், ஈஎம்எஸ் என்று இரண்டும் இருக்கும். ஈஎம்எஸ் தசையை இழுத்து இழுத்து விடுவதற்கானது, அதைத் தொடாதீர்கள்.

அதிர்வெண் பற்றி பீகிங் பல்கலைக்கழகத்தின் ஹான் ஜிஷெங் செய்த வேலைதான் அடிப்படை. உடம்பே சுரக்கும் வலிநிவாரணிகளில், 2 ஹெர்ட்ஸில் என்கெஃபலின், எண்டார்ஃபின் வகைகளும் 100 ஹெர்ட்ஸில் டைனார்ஃபினும் சுரக்கின்றன, இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் எல்லாம் சேர்ந்து கிடைக்கிறது என்று காட்டியவர் அவர். அதனால்தான் சீன ஆய்வுகளில் 2/100 என்று ஒரு எண் அடிக்கடி வரும். மூன்று விநாடி மெதுவாக, மூன்று விநாடி வேகமாக என்று மெஷினே மாற்றிக்கொள்ளும். உங்கள் மெஷினில் அது இருந்தால் நல்லது. இல்லையென்றால் கவலை வேண்டாம், 2 முதல் 10 ஹெர்ட்ஸுக்குள் ஒரே சீராக ஓடவிடுங்கள், அல்லது கொத்துக் கொத்தாகத் தட்டும் பர்ஸ்ட் மோடு இருந்தால் அதில் வையுங்கள்.

பேடுகள் காலுக்கு நாலு அல்லது ஐந்து சென்டிமீட்டர் சதுரம், மணிக்கட்டுக்குச் சின்ன வட்டம். ஆளுக்கு ஒரு செட். ஒருவருக்கு ஒட்டியதை இன்னொருவருக்கு ஒட்டுவது எங்கள் வார்டில் கிடையாது.

புள்ளியைப் பிடிப்பது

முதல் புள்ளி எஸ்டி 36, சீனத்தில் ட்ஸூசான்லி. இதை மட்டும் சரியாகப் பிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

நோயாளி படுத்திருக்கட்டும். முட்டிக்குக் கீழே ஒரு சின்னத் தலையணை வைத்து லேசாக மடக்குங்கள். தையல் இழுக்காது, முட்டிச் சில்லும் தெளிவாகத் தெரியும். சில்லுக்குக் கீழே வெளிப்பக்கமாக ஒரு குழி விழும். அந்தக் குழியிலிருந்து நான்கு விரல் அகலம் கீழே வர வேண்டும். விரல் நோயாளியுடையது. சீன அளவு முறையே அவரவர் உடம்பை வைத்து அளப்பதுதான், ஆறடி ஆளின் காலை என் விரலால் அளந்தால் புள்ளி மேலேயே நின்றுவிடும். அவர் கை எட்டாது என்பதால் அவர் விரல்களை ஒட்டிவைத்து, நடு மூட்டு மட்டத்தில் அகலத்தை ஒரு பிளாஸ்டர் துண்டில் குறித்துக்கொண்டு அதைக் காலில் வைத்து அளப்பேன். நான்கு விரல் இறங்கியதும், காலின் முன் எலும்பின் விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு விரல் தள்ளுங்கள். இப்போது, "அய்யா, பாதத்தை மேலே தூக்குங்க" என்று சொல்லுங்கள். விரலுக்கு அடியில் தசை புடைத்து எழுந்தால் சரியான இடம். அந்த இடத்தைக் கட்டை விரலால் அழுத்தினால் பலருக்கும் ஒருவித மந்தமான வலி, கீழே பாதம் வரை இறங்கும். "ஆமாம்மா, அங்கதான்" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அதற்கு நேர் கீழே இன்னும் நான்கு விரல் தள்ளி எஸ்டி 37. ஒரு சேனலின் இரண்டு பேடும் இந்த இரண்டு புள்ளிகளில். அடுத்த சேனல் அடுத்த காலில் அதேபோல.

கை புள்ளி குமட்டலுக்கு. பிசி 6, நெய்குவான். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் முழங்கைப் பக்கம் வாருங்கள். கையை லேசாக மடக்கினால் இரண்டு தசைநாண்கள் கயிறு மாதிரித் தெறிக்கும், அவற்றுக்கு நடுவே. சிலருக்கு ஒரு நாண்தான் இருக்கும், பிறப்பிலேயே அப்படி. அவர்களுக்குக் கையின் நட்டநடுவில் வையுங்கள். ஆபரேஷனுக்குப் பின் வரும் குமட்டலுக்கும் வாந்திக்கும் இந்தப் புள்ளியில் இருக்கும் ஆதாரம், குடலுக்குக் காலில் இருப்பதைவிடப் பழையது, உறுதியானது. 2015ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 59 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஜோடி பேடு அதே கையின் பின்புறம், மணிக்கட்டிலிருந்து நான்கு விரல் மேலே, இரண்டு எலும்புக்கு நடுவே. அது ஜிகோ புள்ளி, ஹாங்காங் ஆய்விலும் பயன்பட்டது.

கையில் ஒரு சிக்கல். வென்ஃப்ளான் (ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பில் சொருகிய ஊசிக்குழாய்) எந்தக் கையில் இருக்கிறதோ அந்தக் கையை விட்டுவிடுங்கள். ட்ரிப்ஸ் போய்க்கொண்டிருக்கும் கையில் பேடும் ஒயரும் சேர்ந்தால் யாராவது இழுத்துவிடுவார்கள். இன்னொன்று, ஒரு சேனலின் ஒரு பேடை வலது கையிலும் மற்றதை இடது கையிலும் ஒருபோதும் ஒட்டக் கூடாது. அப்படி ஒட்டினால் மின்சாரம் நெஞ்சைக் கடந்து ஓடும். ஜோடி எப்போதும் ஒரே காலில், அல்லது ஒரே கையில்.

தொப்புளுக்கு இரண்டு பக்கமும் புள்ளிகள் உண்டு, புத்தகங்களில் குடலுக்கென்றே சொல்லப்பட்டவை. ஆபரேஷன் ஆன வயிற்றில் தையல், டிரெயின், சிலருக்கு ஸ்டோமா பை (வயிற்றில் திறந்துவைத்த குடலிலிருந்து மலம் சேரும் பை) இருக்கும். நான் வயிற்றுப் பக்கமே போவதில்லை.

ஓடவிடுவது

ஸ்டாக்கிங்ஸைக் கணுக்கால் வரை சுருட்டி இறக்குங்கள். தோலை ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். தேங்காய் எண்ணெய் பூசிய காலில் பேடு ஒட்டாது, ஒட்டினாலும் ஓரம் எழும்பி அங்கே மட்டும் சுரீர் என்று கடிக்கும். முடி அதிகம் இருந்தால் கத்தரியால் நறுக்குங்கள், ரேசர் வேண்டாம், கீறல் விழும். பேடை நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி ஒட்டிய பிறகுதான் ஒயரை மாட்ட வேண்டும், மெஷின் அளவு பூஜ்யத்தில் இருக்கும்போதுதான் ஆன் செய்ய வேண்டும். படுக்கையில் இசிஜி மானிட்டர் ஓடினால் சிஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டென்ஸ் ஓடும்போது திரையில் கோடுகள் பைத்தியம் பிடித்த மாதிரி துள்ளும், விஷயம் தெரியாதவர் பதறி ஓடிவருவார்.

இப்போது அளவு. இதுதான் கலை. மெதுவாகக் கூட்டுங்கள். முதலில் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு. இன்னும் கூட்டினால் தட்டுவது போலத் தெரியும். 2 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு தட்டையும் எண்ணவே முடியும். இன்னும் கொஞ்சம் போனால் பாதம் தாளம் போடுவது போல லேசாக மேலே துடிக்கும். அங்கே நிறுத்துங்கள். வலுவாக, ஆனால் வலிக்காமல். பெரும்பாலானவர்களுக்கு இது 5 முதல் 15 மில்லி ஆம்பியருக்குள் வந்துவிடும். ஆனால் பல மெஷின்களில் 1 முதல் 10 வரை எண்தான் இருக்கும், அந்த எண்ணை நம்பாமல் காலை நம்புங்கள். பாதம் துடிக்கும்போது உடன் இருப்பவர்கள் பயப்படுவார்கள். கால் தானே ஆடுகிறது என்று ஒரு பாட்டி தீர்த்தம் தெளித்ததுகூட உண்டு. முன்கூட்டியே சொல்லிவைத்தால் யாரும் பதறமாட்டார்கள்.

பத்து நிமிடத்தில் உடம்பு பழகிவிடும். "நின்னுபோச்சா?" என்பார்கள். ஒரு படி மட்டும் கூட்டுங்கள். நம் ஆட்களிடம் இரண்டு வகை. ஒருவர் எவ்வளவு கூட்டினாலும் "பரவால்ல, தாங்குவேன்" என்று பல்லைக் கடிப்பார். வலியைத் தாங்கினால் சீக்கிரம் குணமாகும் என்று எண்ணம். அவர் முகத்தைப் பாருங்கள், பேச்சைக் கேட்காதீர்கள். வலித்தால் உடம்பு இறுகும், இறுகினால் நமக்கு வேண்டியதற்கு நேர் எதிராகப் போகும். இன்னொருவர் குறுகுறுப்புக்கே கையை உதறுவார். அவருக்கு ரிமோட் மாதிரி மெஷினையே கையில் கொடுத்துவிடுவேன். தானே கூட்டும்போது இருபது நிமிடத்தில் மற்றவர்கள் அளவுக்கு வந்துவிடுவார்.

மொத்தம் 30 நிமிடம். ஆபரேஷன் ஆன மறுநாள் தொடங்கி, ஒரு நாளைக்கு ஒரு முறை, முடிந்தால் காலை ஒன்று மாலை ஒன்று. நான்கு நாள் வரை, அல்லது காற்று பிரிந்து மலமும் போகும் வரை. ஆய்வுகளிலும் ஏறக்குறைய இதே கணக்குதான். சில மருத்துவமனைகளில் மயக்கம் கொடுப்பதற்கு முன்பே தொடங்குகிறார்கள், அது மயக்க மருந்து டாக்டரின் எல்லை.

முடிந்ததும் அளவைப் பூஜ்யத்துக்கு இறக்கி, அணைத்து, பேடை உரியுங்கள். கீழே தோல் லேசாகச் சிவந்திருக்கும், அரை மணியில் போய்விடும். கொப்புளமோ கறுப்புப் புள்ளியோ தெரிந்தால் அங்கே மறுபடி ஒட்டாதீர்கள். ஸ்டாக்கிங்ஸை மறக்காமல் மேலே இழுத்துவிடுங்கள்.

பேடு எடுத்த கையோடு

என் வழக்கம், டென்ஸ் முடிந்ததும் சும்மா விட்டுவிட மாட்டேன். வலி கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கும் அந்த நேரத்தில் எழுப்பி உட்கார வைத்து, டியூப்பையும் பையையும் ஒருவர் பிடிக்க, வராந்தாவில் ஒரு நடை. சர்ஜன் அனுமதித்திருந்தால் ஒரு சூயிங்கம் மெல்லக் கொடுப்பேன். மெல்லும்போது சாப்பாடு வருகிறது என்று குடல் ஏமாறும் என்பது கணக்கு. பல்செட் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இது ஆகாது. நடையா கரன்டா, எது முக்கியம் என்று கேட்டால் யோசிக்காமல் நடை என்பேன். நடக்க மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டு கரன்ட் மட்டும் கேட்கிறவர்களுக்கு முதலில் நடை, பிறகுதான் மெஷின் என்று பேரம் பேசுவதும் உண்டு.

குடல் எழுந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? காற்று பிரிவதுதான் எல்லாரும் சொல்லும் அடையாளம். ஆனால் சாப்பிட்டது தங்கி, மலமும் போனால்தான் முழுதாக எழுந்ததாக அர்த்தம். ஸ்டோமா வைத்தவர்களுக்குப் பை காற்றில் உப்புவதைப் பாருங்கள். கூச்சப்படுகிறவர்களிடம், குறிப்பாக அம்மாக்களிடம், பொதுவில் நின்று கேட்காதீர்கள். மகள் காதில் கேட்டால் பதில் வரும். வயிறு கடமுட என்று சத்தம் போட்டதுமே இட்லியை ஊட்டிவிடுவது, டாக்டருக்குத் தெரியாமல் இளநீர் கொடுப்பது எல்லாம் வேண்டாம். என்ன எப்போது என்று சொல்வது சர்ஜன்.

குடல் சரியாக ஓட ஆரம்பித்த பிறகு வீட்டுக்குப் போய் இதைத் தொடர வேண்டிய அவசியம் இல்லை. சிலர் டிஸ்சார்ஜ் அன்று, "மெஷின் ஒன்னு வாங்கிக்கவா மேடம்?" என்பார்கள். வேண்டாம், அந்தக் காசில் காலுக்கு நல்ல செருப்பாக வாங்கி நடங்கள் என்பேன். ஏற்கெனவே வீட்டில் வைத்திருப்பவர்கள் பேடைப் பயன்படுத்தியதும் பசைப்பக்கம் இரண்டு சொட்டுத் தண்ணீர் தடவி, அது வந்த பிளாஸ்டிக் தாளிலேயே ஒட்டி, கவரில் போட்டு மூடிவையுங்கள். பசை போனதும் பிளாஸ்டர் போட்டு ஒட்டிச் சமாளிக்காமல் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள்.